ஒரு பாட்டை அலகிட்டுப் பார்ப்பது எப்படி? குற்றால மலைப்பாட்டை வைத்து ஒரு பயிற்சி

யாப்பிலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும் பலர், தளை வருகிற இடத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்பது இலக்கண நூலின் வரிசை. எழுத்து சேர்ந்தால் அசை, அசை சேர்ந்தால் சீர், சீர் சேர்ந்தால் அடி. ஒரு சீர் அடுத்த சீரோடு ஒட்டும் முறை தளை. எதுகை, மோனை போன்ற ஒலிக்கட்டு தொடை. பாட்டை ஆராய உட்காருகிறவர் அதைத் தலைகீழாகப் பிடிப்பதே நல்லது. முதலில் தொடையைப் பிடியுங்கள். அதிலிருந்து அடி எது என்று தெரியும். அடி தெரிந்த பிறகு சீரையும் அசையையும் பிரித்தால் வேலை பாதியாகக் குறையும்.

பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி மலைவளம் சொல்லும் பாட்டின் முதல் கண்ணி, அதாவது முதல் பகுதி. பாடியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், 18-ம் நூற்றாண்டு. மேலகரம் இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. 2019 வரை திருநெல்வேலி மாவட்டம்தான். நம் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் காதில் விழுந்த பாட்டு என்பதால் இதையே எடுக்கிறோம். தெரிந்த பாட்டில்தான் தெரியாததைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும்.

வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்
மந்திசிந்து கனிகளுக்கு வான்கவிகள் கெஞ்சும்
கானவர்கள் விழியெறிந்து வானவரை அழைப்பார்
கமனசித்தர் வந்துவந்து காயசித்தி விளைப்பார்
தேனருவித் திரையெழும்பி வானின்வழி ஒழுகும்
செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்
கூனலிளம் பிறைமுடித்த வேணிஅலங் காரர்
குற்றாலத் திரிகூட மலைஎங்கள் மலையே

முதல் வேலை: சரியான பாடம்

சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பு பொருள் தெரிந்துகொள்ள உதவும். அலகிட, அதாவது அசையும் சீருமாகப் பிரித்துப் பார்க்க, அது ஆகாது. இதே பாட்டின் அடுத்த கண்ணியில் ‘கழங்கெனமுத் தாடும்’ என்று வருகிறது. அதைக் ‘கழங்கு என முத்து ஆடும்’ என்று பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டு சீர் நான்கு சொல்லாகிவிடும். கவிஞர் விட்டுவிட்ட இரண்டு உகரமும் திரும்ப உள்ளே வந்துவிடும். பிறகு எத்தனை முறை எண்ணினாலும் கணக்கு உதைக்கும். ஆகவே சீர் பிரித்த மூலத்தையே எடுங்கள். உயிரெழுத்து தனியாக நிற்கும் இடத்தில் (வேணிஅலங், மலைஎங்கள்) உடம்படுமெய்யைச் சேர்த்து ‘வேணியலங்’, ‘மலையெங்கள்’ என்று படியுங்கள்.

நோட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூன்று வரி இடம் விட்டு எழுதுங்கள். மேல் வரி அசைக்குறிக்கு, நடு வரி சீர்ப்பெயருக்கு, கீழ் வரி எதுகை மோனைக்கு. எழுதி முடித்ததும் இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள்: ஒருமுறை பேசுவதுபோல, ஒருமுறை பாடுவதுபோல. இரண்டிலும் மூச்சு எங்கே நிற்கிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு காகிதத்தில் கண்டுபிடிக்கப் போவதை இந்தக் கோடுகள் உறுதிப்படுத்தும், அல்லது உங்களைத் திருத்தும்.

எதுகை: அடி எங்கே தொடங்குகிறது என்று அதுதான் சொல்லும்

ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் எடுத்து இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். வா‘ன’ரங்கள், ம‘ந்’தி, கா‘ன’வர்கள், க‘ம’ன, தே‘ன’ருவி, செ‘ங்’கதிரோன், கூ‘ன’ல், கு‘ற்’றாலம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய வரிகளில் ‘ன’ வருகிறது. நடுவிலுள்ள வரிகளில் வரவில்லை.

அப்படியென்றால் அச்சில் எட்டு வரியாகத் தெரிவது உண்மையில் நான்கு அடி. இரண்டு இரண்டு வரி சேர்ந்ததே ஓர் அடி. அடிக்கு எட்டுச் சீர். அச்சடிப்பவர் பக்க அகலத்துக்காக மடக்கியிருப்பார். புதிதாக வருகிறவர்கள் மிகுதியாகச் சறுக்கும் இடம் இது. அச்சு வரியையே அடி என்று எண்ணி, ‘எதுகை ஒருவரி விட்டு ஒருவரி வருகிறது, குறைபாடு’ என்று எழுதிவிடுகிறார்கள்.

எதுகையில் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். வா, கா, தே, கூ நான்கும் நெடில், ஆகவே எதுகை அமைகிறது. ‘வானரம்’ என்பதற்கு எதிரே ‘கனி’ என்று வைத்தால் இரண்டாம் எழுத்தில் னகரம் இருந்தும் எதுகை இல்லை.

நம் வட்டாரத்துக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தெற்கத்திப் பேச்சில் ழகரம் பலர் வாயில் ளகரமாகத்தான் ஒலிக்கும்: பளம், கிளங்கு, வாளை. அடுத்த கண்ணியில் ‘கிழங்குகிள்ளித் தேனெடுத்து வளம்பாடி நடப்போம்’ என்று ஒரு வரி. காதை மட்டும் நம்பினால் கிளங்கு, வளம் என்று அருமையான எதுகை கேட்கும். எழுத்தில் பார்த்தால் ஒன்று ழ, மற்றது ள. காது பிடித்ததைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். ரகர றகரமும் அப்படித்தான்.

மோனை: முதல் எழுத்து மட்டும் பார்த்தால் பாதி தப்பிவிடும்

எதுகை நீல மை என்றால் மோனைக்குச் சிவப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கு எட்டுச் சீர் என்று தெரிந்துவிட்டதால் முதல் சீரையும் ஐந்தாம் சீரையும் (அச்சில் அடுத்த வரியின் முதல் சொல்) ஒப்பிடுங்கள்.

வானரங்கள் – மந்திசிந்து. கானவர்கள் – கமனசித்தர். தேனருவி – செங்கதிரோன். கூனலிளம் – குற்றால.

இரண்டாவதும் நான்காவதும் உடனே தெரியும். முதலாவதும் மூன்றாவதும் தெரிய இன எழுத்துகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். உயிரில் மூன்று கூட்டம்: அ ஆ ஐ ஔ, இ ஈ எ ஏ, உ ஊ ஒ ஓ. மெய்யில் மூன்று சோடி: ச–த, ஞ–ந, ம–வ. மோனைக்கு மெய்யும் பொருந்த வேண்டும், அதன்மேல் ஏறிய உயிரும் ஒரே கூட்டத்தில் இருக்க வேண்டும். வா–ம: வகர மகரம் சோடி, ஆ–அ ஒரே கூட்டம். தே–செ: தகர சகரம் சோடி, ஏ–எ ஒரே கூட்டம். நான்கு அடியிலும் முதல் சீரும் ஐந்தாம் சீரும் தவறாமல் மோனை கொள்கின்றன. இதை விட்டுவிட்டு ‘இரண்டு அடியில் மட்டும் மோனை உண்டு’ என்று எழுதும் கட்டுரைகள் நிறைய.

மறுபக்கத் தவறும் உண்டு. க–கி, த–து என்று மெய் மட்டும் ஒத்திருப்பதையெல்லாம் சிவப்பில் வட்டமிடுவது. கனி, கிளி இரண்டும் மோனை ஆகாது.

பிறகு நான்கு நான்கு சீராகப் பிரித்து உள்ளே பாருங்கள். 1, 2-ம் சீர் ஒன்றினால் இணை. 1, 3 பொழிப்பு. 1, 4 ஒரூஉ. 1, 2, 3 கூழை. 1, 2, 4 கீழ்க்கதுவாய். 1, 3, 4 மேற்கதுவாய். நான்கும் என்றால் முற்று. நம் பாட்டில் பொழிப்புதான் ஆட்சி செய்கிறது. வானரங்கள்–மந்தியொடு, மந்தி–வான்கவிகள், கமன–காய, செங்கதிரோன்–தேர்க்காலும் ஆகியவை பொழிப்பு மோனை. கானவர்கள்–வானவரை, தேனருவி–வானின்வழி ஆகியவை பொழிப்பு எதுகை. முதல் ஆறு வரியிலும் ஒன்றாவது சீருக்கும் மூன்றாவது சீருக்கும் ஒரு கட்டு இருக்கிறது. வரி நடுவில் ஓர் இடத்தில் நின்று மறுபடி கிளம்புவதுபோல் கேட்பதற்கு இதுவே காரணம். வாசிக்கும்போது நீங்கள் போட்ட மூச்சுக்கோடு இரண்டாம் சீருக்குப் பின்னால் விழுந்திருக்கிறதா என்று இப்போது பாருங்கள்.

இயைபு, அதாவது இறுதி ஒலி ஒன்றுவது, வரியின் கடைசியில். கொஞ்சும்–கெஞ்சும், அழைப்பார்–விளைப்பார், ஒழுகும்–வழுகும். நாலாவது சோடி காரர்–மலையே. அங்கே இயைபு இல்லை. இதைக் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ‘வழுகும்’ என்ற வடிவத்தையும் கவனியுங்கள். ‘வழுக்கும்’ என்று போட்டாலும் வழுக்/கும் என்று அசை மாறாது, சீரும் அதேதான். ஆனால் ஒழுகும் என்பதோடு ஒட்டும் ஒலி போய்விடும். யாப்பு கேட்காததை இயைபு கேட்டிருக்கிறது.

அசையும் சீரும்

விதி சுருக்கமானது. தனிக்குறில், தனிநெடில், இவற்றோடு ஒற்று சேர்ந்தது எல்லாம் நேர். இரண்டு குறில் சேர்ந்தது, குறிலும் நெடிலும் சேர்ந்தது, இவற்றோடு ஒற்று சேர்ந்தது எல்லாம் நிரை. நேருக்கு ஒரு சிறு கோடு, நிரைக்கு இரட்டைக் கோடு போடுங்கள்.

கைப்பழக்கத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். எழுத்து நெடிலா? அங்கேயே வெட்டுங்கள், பின்னால் ஒற்று இருந்தால் அதையும் சேர்த்து வெட்டுங்கள். எழுத்து குறிலா? அடுத்தது ஒற்று என்றால் அதோடு வெட்டுங்கள். அடுத்தது உயிர்மெய் என்றால் அதையும் இழுத்துச் சேர்த்து நிரையாக்குங்கள். ஒற்று எப்போதும் முன்னால் போன அசைக்குத்தான் சொந்தம், இரண்டு ஒற்று வந்தாலும் அப்படியே: தேர்க்/கா/லும்.

பத்துப் பேரில் பலர் செய்யும் பிழை, ‘வான’ என்பதை ஒரே அசையாக்குவது. நெடிலும் குறிலும் அந்த வரிசையில் ஒருநாளும் நிரை ஆகாது. வா/னரங்/கள் என்பதே சரி: நேர் நிரை நேர். ஐகாரத்திலும் கவனம் வேண்டும். சொல்லின் முதலில் நிற்கும் ஐ நெடில். நடுவிலும் கடைசியிலும் வரும் ஐ குறுகி ஒலிப்பதால் குறிலாக எண்ண இடமுண்டு.

சீர்ப்பெயர்: நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம். மூன்றாவதாக நேர் வந்தால் ‘காய்’, நிரை வந்தால் ‘கனி’. முதல் வரியைப் போட்டுப் பாருங்கள்.

வா/னரங்/கள் – கூவிளங்காய்
கனி/கொடுத்/து – கருவிளங்காய்
மந்/தியொ/டு – கூவிளங்காய்
கொஞ்/சும் – தேமா

இரண்டாம் வரியும் அச்சுக்கு அச்சாக இதேதான். மற்ற வரிகளையும் பிரித்தால் எல்லா வரியும் மூன்று மூவசைச் சீரும் ஒரு மாச்சீருமாக வருகிறது. காய் காய் காய் மா, மறுபடி காய் காய் காய் மா என்று எண்சீர் விருத்தத்துக்குரிய அமைப்பு. விருத்தச் சாயலுள்ள பாட்டில் தளையைத் துருவ வேண்டாம். வெண்பாவில்தான் தளை உயிர்நாடி. இங்கே சீர் எந்த இடத்தில் எந்த வாய்பாட்டில் திரும்புகிறது என்பதே கேள்வி. ‘வேணிஅலங் காரர்’ என்பதில் ‘அலங்காரர்’ என்ற சொல் இரண்டு சீருக்குப் பிரிந்து கிடப்பது வகையுளி. சீருக்காகச் சொல்லை வெட்டுவது மரபு, பிழை என்று குறிக்காதீர்கள்.

இப்போது எண்ணுவோம். மொத்தம் 24 மூவசைச் சீர். அதில் 23 காய். ஒன்று மட்டும் கனி: வா/னின்/வழி, நேர் நேர் நிரை, தேமாங்கனி. இங்கே வந்து நிற்பவர்கள் பாடம் தப்பென்று முடிவு கட்டுவார்கள், அல்லது கணக்குச் சரியாக வர ‘வா/னின்வ/ழி’ என்று வெட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். ‘னின்’ என்பதில் ஒற்று வந்தவுடன் அசை முடிந்துவிட்டது. இது பாடுவதற்கு எழுதிய கண்ணி என்பதை நினைவில் வைத்து வேறு ஓர் எண்ணிக்கையும் போட்டுப் பாருங்கள். ஒற்றை விட்டுவிட்டு எழுத்துகளை எண்ணினால் வா-ன-ர-க நான்கு, மந்தியொடு நான்கு, வானின்வழியும் நான்கு. முதல், இரண்டு, மூன்று, ஐந்து, ஏழாம் வரிகளின் முதல் மூன்று சீரும் 4, 5, 4 என்றே நடக்கின்றன. தாளத்தில் இடம் பிசகவில்லை, அதனால் பாடும்போது யாருக்கும் அந்த இடத்தில் தட்டுவதில்லை.

காய்களையும் வகை பிரியுங்கள். கூவிளங்காய் 12, கருவிளங்காய் 6, புளிமாங்காய் 3, தேமாங்காய் 2. இந்த எண்களை அப்படியே கட்டுரையில் இறக்கிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். எங்கே வருகின்றன என்று பாருங்கள். மாங்காய் ஐந்தும் இரண்டே வரியில் இருக்கின்றன: ஆறாம் வரியில் ‘பரிக்காலும் தேர்க்காலும்’, எட்டாம் வரியில் ‘குற்றாலத் திரிகூட மலைஎங்கள்’. விளங்காயின் நடு அசை நிரை, துள்ளி ஓடும். மாங்காயின் நடு அசை நேர், அங்கே நாக்கு ஒரு கணம் தங்கும். ஐந்து வரி ஓடிவந்த நடை, அருவித்துளியில் சூரியனின் குதிரைக்காலும் தேர்ச்சக்கரமும் வழுக்குகிற வரியில் தட்டுப்படுகிறது. பிறகு ஏழாம் வரியில் பழைய ஓட்டத்துக்குப் போய், மலையின் பெயரைச் சொல்லும் வரியில் முழுக்க நிதானமாகிவிடுகிறது. அலகிடுவதன் பயன் இந்த இடத்தில்தான் கைக்கு வருகிறது. ‘கவிஞர் திட்டமிட்டு இப்படிச் செய்தார்’ என்று எழுத நமக்குச் சான்று இல்லை. ‘நடை இங்கே மாறுகிறது, பொருளும் இங்கே மாறுகிறது’ என்று எழுதலாம். அதற்குச் சான்று பாட்டிலேயே இருக்கிறது.

திரும்ப வருவன

பென்சிலால் திரும்ப வரும் சொற்களையெல்லாம் வட்டமிடுங்கள். மந்தி–மந்தி, கனி–கனி, வந்து–வந்து, காலும்–காலும், சித்தர்–சித்தி, மலை–மலை. ‘வான்’ நான்கு இடத்தில்: வானரங்கள், வான்கவிகள், வானவரை, வானின்வழி. வட்டமிட்ட பிறகு ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: திரும்பி வந்தது ஒலியா, சொல்லா, பொருளா?

வானரத்தில் உள்ள ‘வான்’ ஒலி மட்டும்தான். வானவர், வானின்வழி என்னும்போது உண்மையிலேயே வானம் வந்துவிடுகிறது. பழம் தின்னும் குரங்கில் கேட்ட ஒலி, வரி ஏற ஏற மேலுலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. பரிக்காலும் தேர்க்காலும் என்பதில் சொல் ஒன்று, பொருள் இரண்டு; ஒன்று குதிரையின் கால், மற்றது தேரின் சக்கரம். இதைச் சொல் பின்வருநிலை என்பார்கள். ‘மலைஎங்கள் மலையே’ என்பதில் சொல்லும் அதுவே, பொருளும் அதுவே, சொற்பொருள் பின்வருநிலை. சொல் வேறாகிப் பொருள் மட்டும் திரும்பினால் பொருள் பின்வருநிலை.

மந்தியும் கனியும் திரும்பும் விதம் இன்னும் நுட்பமானது. முதல் வரியில் கனியைக் கொடுப்பது ஆண்குரங்கு, வாங்குவது மந்தி. வாங்கிய மந்தியே அடுத்த வரியின் முதல் சொல்லாக நின்று கனியைச் சிந்துகிறது. சொல் கைமாறும் வரிசையிலேயே பழமும் கைமாறுகிறது.

‘மலைஎங்கள் மலையே’ என்ற முடிவு அடுத்த கண்ணியிலும் வருகிறது. முன்பு குறித்துவைத்த இயைபு இல்லாத சோடியை இங்கே பொருத்துங்கள். மூன்று தடவை இயைபு கேட்டுப் பழகிய காது நாலாவதையும் எதிர்பார்க்கும். அந்த இடத்தில் இயைபுக்குப் பதிலாகப் பல்லவிபோல மலை வந்து நிற்கும். கண்ணி முடிந்தது என்று பாடுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிவது அதனால்தான்.

தனியே செய்து பார்க்க

அடுத்த கண்ணியின் முதல் வரி ‘முழங்குதிரைப் புனலருவி கழங்கெனமுத் தாடும்’. அலகிட்டால் கருவிளங்காய் மூன்று, தேமா ஒன்று என்று வர வேண்டும். முழங்கு–கழங்கு பொழிப்பு எதுகை. நான்கு அடியின் முதல் சொற்கள் முழங்கு, கிழங்கு, செழுங்குரங்கு, வழங்கு. முந்தைய கண்ணியில் நெடிலாக நின்ற முதல் எழுத்து இங்கே நான்கிலும் குறில். ‘கிம்புரியின் கொம்பொடித்து வெம்புதினை’ என்பது கூழை எதுகை. மோனை நான்கு அடியையும் நீங்களே பாருங்கள். ஒன்று இன மோனை.

அது கைவந்தபின் காவடிச்சிந்துக்குப் போகலாம். சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார் தம் பெயரை வைத்துப் பாடிய இடத்தில் ‘செகமெச்சிய மதுரக்கவி அதனைப்புய வரையிற்புனை தீரன் அயில் வீரன்’ என்று வரும். முதல் நான்கு சீரும் நிரை நேர் நிரை, நான்கும் புளிமாங்கனி. ஒற்று நீக்கி எண்ணினால் நான்கும் ஐந்தெழுத்து. இரண்டு கணக்கும் ஒன்றாக விழுவதால், ராகம் தெரியாதவர் படித்தால்கூட அந்த வரி ஆடும். குறவஞ்சிக் கண்ணியில் சிறு நெகிழ்ச்சி இருந்தது. இங்கே துளி நெகிழ்ச்சி இல்லை. சிந்துவை அலகிடும்போது வாய்பாட்டுப் பெயரைவிட ஒற்று நீக்கிய எண்ணிக்கையை முன்னால் வையுங்கள். ‘சென்னி குளநகர் வாசன் – தமிழ்’ என்பதில் வரும் ‘தமிழ்’ போன்ற தனிச்சொற்களைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள், அடியோடு சேர்த்தால் கணக்குக் கலைந்துவிடும்.

வில்லுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி போன்றவற்றை வாய்மொழியாகக் கேட்டு எழுதுகிறவர்கள், திரும்பப் பாடும் வரியின் ஓரத்தில் ‘2’ என்று போட்டு இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். பாடியபடியே இரண்டு முறையும் எழுதுங்கள். பக்கப்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும்போது ஒரு சொல் மாறியிருக்கும், அல்லது கடைசி அசை நீண்டிருக்கும். ஒலிப்பதிவை அந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, மாறிய எழுத்தை மட்டும் அடிக்கோடிடுங்கள். நீட்டிய அசைக்குப் பக்கத்தில், எத்தனை தட்டு நீண்டது என்று எண்ணால் குறியுங்கள்.